என் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்தது

1

இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம் முடிந்த வாரத்தில்தான் என் குடியிருப்பு அட்டை காலாவதியானது. புதுப்பிக்கப் போனேன். தைவானின் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் நடுத்தரமான ஊர் இது. என் கணவர் ரஃபீக் இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறார். அவருக்கு எல்லாமே இங்கிலீஷில் நடந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டுவேன், பஸ் டிரைவரைப் பார்த்துச் சிரிப்பேன், மற்ற எல்லாவற்றுக்கும் என் மகள் ஆயிஷா.

அன்று அவருக்கு ஆய்வகத்தில் வேலை. ஆயிஷாவுக்குப் பள்ளி விடுமுறை. இங்கிலீஷ் தெரிந்த கவுண்டர் மூடியிருந்தது. அடுத்த கவுண்டரில் இருந்த மனிதர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு ஆயிஷாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஆயிஷா தலையாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"போட்டோ பழசாம்மா. புதுசு வேணுமாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரு. போட்டோ பழசுன்னு சொல்லவா?"

"அவ்ளோதாம்மா."

அந்த மனிதர் பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தை எடுத்தார். என்னிடம் தரவில்லை. குனிந்து, ஆயிஷாவின் கையில் கொடுத்தார். எனக்கு நாற்பது வயது, அவளுக்குப் பத்து. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குக் காது சுட்டது. கோபம் யார் மேல் என்று தெரியாததால் பஸ் மேல் கோபப்பட்டேன். அது நேரத்துக்குத்தான் வந்தது.

2

அன்று சாயங்காலமே போனில் தமிழ் வழியாகச் சீனம் கற்றுத்தருகிறவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். இருந்தார்கள். ஒரு பெண், வெள்ளைப் பலகை, பின்னால் வேப்ப மரம். "வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கு கேள்வி எப்படி கேக்கறதுன்னு பாக்கலாம்" என்று தொடங்கினாள். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பழக்கமான பாக்கலாம். நாலு பாடம் பார்த்துவிட்டு, நேரடி வகுப்பு உண்டா என்று எழுதிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு மதியம் பன்னிரண்டு, அவளுக்குக் காலை ஒன்பதரை என்று முடிவானது.

"எந்த ஊருக்கா நீங்க?"

"தைவான்."

"அது தெரியுது. சொந்த ஊரு?"

"மரக்காணம்."

திரையில் அவள் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயையோ! நான் அனுமந்தைக்கா!"

கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர்க்காரியிடம் சீனம் படிக்க நான் இரண்டு கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இருவரும் முதல் வகுப்பு முழுக்கச் சிரித்தோம். பாடம் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் பெயர் மகேஸ்வரி. அப்பா கடலுக்குப் போகிறவர். சீனாவில் டாக்டருக்குப் படிக்கப் போனவள், மூன்றாம் வருடம் லீவில் வீட்டுக்கு வந்த நேரத்தில் கொரோனா வந்து கதவு மூடிக்கொண்டது. படிப்பு பாதியில் நின்றது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே நெட் நன்றாக வரும் என்பதால் பின்கட்டில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறாள். பாடத்தின் நடுவே காக்கா கத்தும், மயில் கத்தும், ஸ்கூட்டர் போகும். நான் 'இன்னொரு தடவை சொல்லு' என்று கேட்டதெல்லாம் புரியாமல் கேட்டது இல்லை. சில சமயம் அந்தக் காக்காவுக்காகவும் கேட்டேன்.

சீன இலக்கணம் கஷ்டம் என்று பயமுறுத்தியவர்கள் எல்லாம் இங்கிலீஷ் வழியாகப் போனவர்கள் போல. நமக்குப் பாதி தூரம் வழி தெரிந்த பாதைதான். 'நான் நாளைக்கு வீட்டில் சாப்பிடுவேன்' என்பதை அவர்களும் நான், நாளைக்கு, வீட்டில் என்று அதே வரிசையில்தான் கொண்டு வருகிறார்கள். சோறு என்று சேர்த்தால் மட்டும் கடைசியில் ஒரு புரட்டு. 'சாப்பிடு' முன்னாலும் 'சோறு' பின்னாலும் போய்விடும். கேள்வி கேட்க வாக்கியத்தின் வாலில் ஒரு 'மா' சேர்த்தால் போதும், நாம் 'வர்றியா' என்று 'ஆ' சேர்க்கிற மாதிரி. 'நேற்று வந்த ஆள்' என்பதும் அப்படியே நேற்று, வந்த, ஆள். இதைக் கேட்டபோது எனக்குப் பரம சந்தோஷம்.

சந்தோஷம் 'தா' வரைக்கும்தான். அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் ஒரே ஒலி, 'தா'. எழுத்தில் வேறுபாடு உண்டு, வாயில் கிடையாது. வினைச்சொல்லிலும் மரியாதை ஒட்டாது. என்னைப் பெற்ற அத்தாவும் 'தா', ஆட்டுக்குட்டியும் 'தா'.

"இது என்ன மகேஸ், பெரியவங்க சின்னவங்க இல்லாத பாஷை?"

"மரியாதை வேற எடத்துல வெச்சிருக்காங்கக்கா. தேடினா கெடைக்கும்."

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய கணக்கு நேரானது. ஆயிஷா ஐந்து வயதில் மரக்காணத்துக்குப் போன் பேசும்போது, "நன்னா எங்க? அவன் தூங்கறானா?" என்று என் அத்தாவைப் பற்றிக் கேட்டாள். நான் அவள் தொடையில் ஒன்று வைத்தேன். அந்தப் பக்கம் அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் முழிச்சிட்டாண்டி" என்றார். அந்த அடிக்காக நான் இப்போது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மகேஸ்வரிதான் கண்டுபிடித்தாள். பாட வாக்கியங்களை நான் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பேன். ஆனால் நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டால் முழிப்பேன்.

"அக்கா, ஏன் முன்னாடி பின்னாடி ஆடிக்கினே படிக்கறீங்க?"

நான் ஆடியது எனக்கே தெரியாது. மதரசாவில் ஏழு வயதில் பிடித்த ஆட்டம் அது. அரபு எழுத்தைக் கூட்டி, ராகத்தோடு, உடம்பை அசைத்து ஓதக் கற்றுக்கொண்டோம். அர்த்தம் பின்னால் வரும் என்றார்கள். ஓதுவதற்கு அது சரி, அதில் ஒரு நிம்மதியும் உண்டு. சீனத்தை நான் அப்படியே ஓத ஆரம்பித்திருக்கிறேன்.

"ஓதாதீங்கக்கா. எங்கிட்ட பேசுங்க. தப்பாப் பேசுங்க, பரவால்ல."

3

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், தெரியாது. இரண்டும் உண்மை. குர்ஆனை எடுத்தால் ஆற்று நீரோட்டமாக ஓதுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். தமிழில் பஸ் பெயர் படிக்கத் தெரியாது. எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான்.

அத்தா உப்பளத்து ஓரம் டீக்கடை வைத்திருந்தார். எனக்கு ஏழு வயதானபோது கடையை மூடிவிட்டு சவுதிக்குப் போனார். அதன் பிறகு அவர் எங்களுக்கு மாதம் ஒரு கடுதாசியாக ஆகிப்போனார். போஸ்ட்மேன் உப்பு ரோட்டில் சைக்கிளில் வருவது தூரத்திலேயே தெரியும், இரண்டு பக்கமும் பாத்திகள், மறைக்க ஒரு மரம் கிடையாது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். கடுதாசியை வாங்கி என் கையில் தருவாள். நான் படிப்பேன், அவள் கேட்பாள். சவுதி வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். பள்ளிக்கூடம் போகும் பெண்தான் அம்மாவுக்குக் கண்.

பத்து வயதில் அந்தக் கண் ஒரு தடவை பொய் சொன்னது. நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்று அத்தா முன்பே எழுதியிருந்தார். அம்மா விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த நாலு பக்கக் கடுதாசியில், முதலாளி லீவு தர மறுத்துவிட்டார், இந்தப் பெருநாளுக்கு இல்லை, அடுத்ததற்கும் சந்தேகம் என்று இருந்தது. நான் படித்துக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. நிறுத்தினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னடி, சொல்லு."

"எழுத்து அழிஞ்சிருக்குதும்மா. லீவு கேட்டிருக்காராம். வந்துருவேன்னு எழுதியிருக்காரு."

அம்மா அந்த வாரம் சுண்ணாம்பு வாங்கி வந்து வீடு முழுக்க வெள்ளையடித்தாள், தானே ஏணி போட்டு. பெருநாள் வந்தது. அத்தா வரவில்லை. "லீவு கெடைக்கல போல" என்று அம்மா சொல்லிவிட்டுப் பிரியாணிச் சட்டியை இறக்கினாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

4

இங்கே பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு தொடர்பு நோட்டு இருக்கும். வீட்டுப் பாடம் என்ன, நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆசிரியை ஏதாவது சொல்ல நினைத்தால் சிவப்பு மையில் எழுதுவார். பெற்றவர்கள் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் பிள்ளை பதில் சொல்ல வேண்டும்.

முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை நான் போட்ட கையெழுத்துகள் எத்தனை என்று அல்லாவுக்குத்தான் தெரியும். சமையலறை மேசையில் ஆயிஷா நோட்டை விரித்து விரலை வைப்பாள். "இங்கம்மா." நான் கரண்டியைக் கீழே வைத்து, ஈரக் கையைத் துடைத்து, தமிழில் 'ஷமீமா' என்று எழுதுவேன். "என்ன போட்டிருக்குது?" என்று கேட்பேன். "நாளைக்கு வாட்டர்கலர் எடுத்துட்டுப் போகணும்." போகட்டும். "சிவப்புல என்ன?" "குட்னு போட்டிருக்காங்க." மகள் கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

சீனம் படிக்கத் தொடங்கியதை நான் அவளிடம் சொல்லவில்லை. முதலில் வெட்கத்தால். அப்புறம், ஒரு நாள் திடீரென்று பேசி அசத்தலாம் என்ற ஆசையால். வகுப்பு நேரத்தில் அவள் பள்ளியில் இருப்பாள், வசதியாகப் போயிற்று.

5

எட்டு மாதம் ஓடியது. இருநூறு எழுத்து அடையாளம் தெரிந்தது. "புக்கு போதும்க்கா. வீட்ல கண்ணுல படற எதையாவது படிப்போம்" என்றாள் மகேஸ்வரி. பால் டப்பாவைப் படித்தோம். மின்சார ரசீதைப் படித்தோம். லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படம் எடுத்து வந்து படித்தோம், நாய் வளர்ப்பவர்களுக்கான கண்டிப்பு அது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆயிஷா தொடர்பு நோட்டை மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் அதை எடுத்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். இங்கே எழுதுவது பழைய முழு எழுத்து. மகேஸ்வரி சீனாவில் படித்தது சுருக்கிய எழுத்து. இருந்தாலும் அவள் தடங்கல் இல்லாமல் போனாள். கணக்கு இந்தப் பக்கம், கவிதை மனப்பாடம், நாளைக்கு நகம் பரிசோதனை. நான் பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு மை.

அவள் நிறுத்தினாள்.

"அக்கா, இது பழைய எழுத்தா இருக்குதா, எனக்கு சரியா வரல. வேற பக்கம் பாக்கலாமா?"

எனக்கு அந்த நிறுத்தம் தெரியும். அது என்னுடையது. பத்து வயதில் ஒரு வாசலில், ஒரு கடுதாசியோடு நான் நிறுத்திய அதே நிறுத்தம். அழிந்த எழுத்து, பழைய எழுத்து, சாக்கு மட்டும்தான் வேறு.

"இரு மகேஸ். நானே படிக்கறேன்."

நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். முதல் நாலு எழுத்து 'ஆயிஷா அம்மா'. அடுத்து 'ஷென்தி', உடம்பு. 'ஹாவ்', நல்லது. 'யி தியென்', கொஞ்சம். 'லெ', ஆகிவிட்டது. கடைசியில் 'மா'. எல்லாம் நான் படித்த பாடம். ஆறாவது வாரத்தில் இதே வாக்கியத்தை ஆடி ஆடி ஒப்பித்திருக்கிறேன். முதல் தடவையாக அது என்னிடம் யாரோ கேட்ட கேள்வியாக இருந்தது.

"உடம்பு கொஞ்சம் தேவலையா? எனக்கா? எனக்கு என்ன?"

நோட்டை மறுபடி மகேஸ்வரி பக்கம் திருப்பினேன். மீதியைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பிள்ளைகள் எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்கள், நீங்கள் குணமாகி உங்கள் ஊரைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வரும் நாளுக்காகக் காத்திருக்கிறோம் என்று ஆசிரியை எழுதியிருந்தார். முந்திய பக்கங்களைத் திருப்பினேன். மூன்று இடத்தில் அழைப்பு. வேறு நாட்டு அம்மாக்கள் ஒவ்வொருவராக ஒரு வியாழக்கிழமை காலை வகுப்புக்கு வந்து தங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்களும் வர முடியுமா என்று. மூன்று இடத்திலும் கீழே பதில், ஆயிஷாவின் முத்து முத்தான கையெழுத்தில். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வர முடியாது. மன்னிக்கவும்.' ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, தமிழில், 'ஷமீமா'.

என் மகள் என்னை நோயாளியாக்கியிருந்தாள். நான் அதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"திட்டாதீங்கக்கா" என்றாள் மகேஸ்வரி. பின்னால் அந்த மயில் வேறு கத்தித் தொலைத்தது. "நான் அங்க இருந்தப்ப எங்கப்பாவுக்குப் போன் போட்டு, நல்லா சாப்பிடறேம்பா, ஜாலியா இருக்கேம்பான்னு எவ்ளோ சொல்லியிருக்கேன் தெரியுமா? சொல்லும்போது அழுகையா வரும்."

6

எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று வந்தது கோபம் மட்டும் இல்லை. என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என் பிள்ளை. முக்காடு போட்ட, வாய் திறந்தால் உளறுகிற அம்மாவை அவள் வகுப்புக்குக் காட்ட விரும்பவில்லை. அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை வேளை. நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே, முப்பது வருடமாகச் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அத்தாவின் பெருநாள் கடுதாசி, அழிந்த எழுத்து.

அம்மா, "எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாலு பக்கம் எழுதியிருக்காரு. நீ ஒரு கிளாஸ் டீ ஆறறதுக்குள்ள முடிச்சிட்ட. அப்பவே தெரிஞ்சுது. சாயந்தரம் மைமூன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் படிக்கச் சொன்னேன்."

மைமூன் பக்கத்துத் தெரு. டெய்லர் வீட்டுப் பெண், எட்டாவது வரை படித்தவள்.

"அப்ப அத்தா வரலன்னு தெரிஞ்சுதான் வெள்ளையடிச்சியா?"

"பின்ன? நீ எனக்காகத்தான சொன்ன. அடிக்கலன்னா உனக்குத் தெரிஞ்சிடும் இல்ல, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. புள்ளை மனசு ஒடைஞ்சிடும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏணி மேல் நின்று, வராத மனிதருக்காகச் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அம்மாவைத்தான் நான் கீழே நின்று ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன்.

"நல்லதுதானேம்மா செஞ்ச" என்றேன்.

"என்னத்த நல்லது? அன்னிக்கு நான் உன்கிட்ட வாயத் தொறந்து கேக்கல. அப்புறம் உன்மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. வந்த கடுதாசியெல்லாம் ரெண்டு தடவை. முதல்ல உன்கிட்ட, அப்புறம் மைமூன்கிட்ட. உங்கத்தா எனக்குன்னு எழுதினதெல்லாம் அவ வாயால கேட்டேன். அவ சிரிச்சிக்கினே படிப்பா. எத்தினி வருசம்! நீ அப்படி இருந்துடாத. கேட்டுடு. திட்டாம கேளு."

7

நாலு மணிக்கு ஆயிஷா வந்தாள். பையைப் போட்டுவிட்டு மேசையில் நோட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பால் வைத்தேன். திட்டாமல் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் படித்துக் காட்டினேன். ஷென்தி, ஹாவ், யி தியென், லெ, மா. குரலின் மேடு பள்ளம் எல்லாம் முடிந்தவரை சரியாக.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீ எப்படிப் படிக்கற?"

"கத்துக்கினேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. அனுமந்தை டீச்சர் ஒருத்தங்க சொல்லித் தராங்க."

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசம். ஏண்டா கண்ணு அப்படி எழுதின? என்னப் பாத்து உனக்கு வெக்கமா இருக்குதா?"

அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே தமிழும் சீனமும் கலந்து வந்ததில் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவளே திரும்பத் தமிழில் சொன்னாள். அவள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனேன். போனில் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை எழுந்து நின்று சொன்னேன். நான் ஆயிஷாவின் அம்மா, உங்களைப் பார்த்ததில் சந்தோஷம். எந்தச் சொல் எங்கே சறுக்கியதோ, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆசிரியை கைதட்டினார், மழலைக்குத் தட்டுவது போல. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல பைப்ப தொறந்துவிட்டு அழுத. எனக்குக் கேட்டுச்சு" என்றாள் ஆயிஷா. "திரும்பவும் நீ அழுவியேன்னுதான்."

நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபட்டது.

"அன்னிக்கு கார்டு ஆபீஸ்ல அவர் என்ன சொன்னாரு? நெசமா?"

மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த தடவை பாஷை தெரிஞ்ச பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாரு. கொழந்தைகிட்ட இதெல்லாம் சொல்ல முடியாதுன்னாரு."

"அவர் சொன்னது சரிதான்" என்றேன். அந்த மனிதர் மேல் எட்டு மாதமாக வைத்திருந்த கோபத்தை இறக்கி வைத்தேன்.

"வெக்கமும் கொஞ்சம் இருந்துச்சும்மா" என்றாள் பிறகு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "கொஞ்சம்தான்."

அது எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவள் விட்டுவிடாமல் சொன்னாளே என்றும் இருந்தது.

பேனாவை எடுத்தேன். சிவப்பு மைக்குக் கீழே, கோணல் மாணலாக, என் வாழ்க்கையின் முதல் சீனப் பதிலை எழுதினேன். 'உடம்பு நன்றாக ஆகிவிட்டது. வியாழக்கிழமை வருகிறேன்.' ஒரு எழுத்தில் கோடு குறைந்தது. ஆயிஷா விரலால் காட்டினாள், நான் போட்டேன். அதன் கீழே 'ஷமீமா'.

8

வியாழக்கிழமைக்கு மகேஸ்வரி என்னை ஆறு வாக்கியத்துக்குத் தயார் செய்தாள். அதற்கு மேல் வேண்டாம், மீதிக்கு உப்பைக் காட்டுங்கள் என்றாள். அம்மா அனுப்பிவைத்த கல்லுப்புப் பொட்டலம் ஒன்று வீட்டில் இருந்தது. இந்த ஊரிலும் பழைய உப்பளங்கள் உண்டு, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஆகையால் அவர்களுக்கு இது தெரிந்த பொருள்தான். எனக்குத் தெரிந்த பொருளும் இது ஒன்றுதான்.

வகுப்பில் முப்பது முகங்கள். ஆயிஷா ஜன்னல் ஓரம் மூன்றாவது வரிசையில், கைகளை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொடங்கினேன். என் ஊர் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே மனிதர்கள் கடல் தண்ணீரைப் பாத்தியில் விடுகிறார்கள். இரண்டாவது வாக்கியத்தில் உடம்பு ஆடத் தொடங்குவதைக் கவனித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினேன். ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பார்த்து மூன்றாவதைச் சொன்னேன். வெயில் தண்ணீரைக் குடித்துவிடும். அவள் தலையாட்டினாள். எனக்குத் தைரியம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு கல் கொடுத்தேன். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள், கன்னாபின்னாவென்று சத்தம் போட்டார்கள்.

பின் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவன் கையைத் தூக்கினான். நீளமாக ஏதோ கேட்டான். வகுப்பு சட்டென்று அமைதியானது. ஆசிரியையின் முகம் சிவந்தது, அவனை அதட்ட வாய் திறந்தார். எனக்கு அதில் மூன்று சொல் பிடிபட்டது. அம்மா, சின்னக் குழந்தை, உடம்பு. மற்றது போய்விட்டது. ஆயிஷாவைப் பார்த்தேன்.

அவள் எழுந்தாள். ஆசிரியையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்த நிறுத்தம் திரும்ப வந்துவிட்டது, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. நான் காத்திருந்தேன்.

"அவன் கேக்கறான்" என்றாள் தமிழில், அந்த வகுப்பில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாஷையில். "உங்கம்மா ஏன் சின்னக் கொழந்தை மாதிரி பேசறாங்க, அவங்களுக்கு உடம்பு இன்னும் சரியாகலையான்னு கேக்கறான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

நான் அவனைப் பார்த்து, மகேஸ்வரி சொல்லித்தராத ஏழாவது வாக்கியத்தைச் சொன்னேன். உடம்பு சரியாகிவிட்டது, என் சீனம்தான் இன்னும் சரியாகவில்லை. வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரித்தார். ஜன்னல் ஓரத்தில் என் மகளும், மேசைக்கு அடியிலிருந்து கைகளை வெளியே எடுத்து, சிரித்தாள்.